இருட்டில் ஓடிய மின்சாரம்

அக்காளும் தம்பியும் ஒரே ஆய்வுக்கூடத்தில் இருந்தார்கள். அக்காள் படிகம் வளர்ப்பாள். தம்பி அதில் தங்கக் கம்பி ஒட்டி மின்சாரத்தை அளப்பான். கந்தகம் கலந்த கரிமப் பொருளில் அவள் வளர்த்த குறைக்கடத்திப் படிகம் அபாரமாக மின்சாரத்தைக் கடத்துகிறது என்று இருவரும் குடும்பப் பெயரோடு கட்டுரை எழுதியிருந்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? அது படிகத்தின் சாமர்த்தியம் இல்லை, மேலே விழுந்த வெளிச்சம் கிளப்பிய மின்சாரம் என்று வேறொரு கூடத்தார் எழுதிவிட்டார்கள்.

அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல, கட்டுரையை வெளியிட்ட இதழ் அனுப்பிய சோதனையாளர் ஒருவர் அன்று வந்திருந்தார். இருட்டிலும் மின்சாரம் ஓடினால் கட்டுரை நிற்கும். இல்லையென்றால் திரும்பப் பெற வேண்டும். சொந்தபந்தம் முழுக்கப் பெருமை பேசிய கட்டுரை.

வெளிச்சம் புகாத கறுப்புப் பெட்டி ஒன்றை அவர் கொண்டுவந்திருந்தார். அதற்கு அடங்கும்படி நறுக்கிய படிகத்தில் தம்பி கம்பி ஒட்ட, உள்ளே வைத்து மூடினார்கள். அளவியில் எண் ஏறவே இல்லை. தம்பி அளவியைத் தட்டிப் பார்த்தான்.

அக்காளுக்கு வேறொன்று தோன்றியது. மூலக்கூறுகள் சீட்டுக்கட்டாய் அடுக்கப்பட்டு, கந்தகத்தோடு கந்தகம் நெருங்கும் திசையில்தான் மின்சாரம் பாயும். படிகம் நீண்டு வளர்வதும் அதே திசையில்தான். குறுக்கே விட்டால் முரண்டு பிடிக்கும். தம்பி எந்தப் பக்கம் ஒட்டினான்? அவள் பார்த்ததில்லை. ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்ப்பது அவர்கள் வீட்டில் அவமதிப்பு. வெளியாள் முன்னால் என்றால் கேட்கவே வேண்டாம்.

"உருப்பெருக்கியில வைடா, நான் பாக்கணும்."

"என் கை மேல சந்தேகமாக்கா?"

"ஆமா. நீ இப்ப ரோஷப்பட்டா ரெண்டு பேருந்தான் தலைகுனியணும்."

சோதனையாளர் நாகரிகமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கமான படிகம் ஊசியாய் நீண்டிருக்கும், திசை தப்பாது. இதுவோ நறுக்கியதில் சதுரமாகிவிட்டது. அதன்மேல், படிகம் வளர்ந்த திசையைக் காட்டும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தன. கம்பிகள் அவற்றுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தன. அவள் விலகி அவனுக்கு இடம் விட்டாள். அவனே குனிந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கம்பிகளைக் கோட்டின் இரு முனைகளுக்கும் மாற்றினான். பசை உலரும்வரை மூவரும் உட்காரவில்லை. பெட்டியைத் தாமே மூடுவதாகச் சோதனையாளர் சொன்னார். அறை விளக்கையும் அணைத்தார்.

அளவியின் எண் மளமளவென்று ஏறியது. காட்டும் எல்லையைத் தாண்டியது. தம்பி எல்லையைக் கூட்டினான், அதையும் தாண்டியது.

"அடேயப்பா," என்றார் சோதனையாளர். "அந்தக் கூடத்துக்காரங்களுக்கு நானே எழுதிடறேன்மா."

அவர் விளக்கைப் போடுவதற்குள் தம்பி அடுத்த படிகத்தை அக்காளிடம் நீட்டிவிட்டான். "நீ பாத்துச் சொல்லு. அப்புறந்தான் கம்பியத் தொடுவேன்."