இரண்டாவது விசில்

சக்கர நாற்காலியை நடைபாதை மேட்டில் ஏற்ற அவள் மூச்சைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்தே யோசனை சொன்னார்.

“கொஞ்சம் பின்னாடி எடு. லெஃப்ட்ல ஒடி. ம், இப்ப ஏத்து.”

“நீங்க சும்மா வாங்கப்பா. இது பஸ் இல்ல.”

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷர் சும்மா வருவாரா? இதயம் இனி சில நாள்தான் தாங்கும் என்று சொல்லி டாக்டர் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். “அப்ப ஏரிக்கரைக்குப் போலாம், நல்ல வெயில் அடிக்குது” என்றுவிட்டார் அப்பா. அவளும் லீவு போட்டுவிட்டாள்.

கரையில் செருப்பைக் கழற்றச் சொன்னார். வெறுங்காலைப் புல்லில் வைத்து விரல்களை ஆட்டிப் பார்த்தார். “பிரேக் இன்னும் பிடிக்குது” என்று சிரித்தார். அடுத்து ஐஸ்கிரீம் வேண்டுமாம். டாக்டர் கூடாதென்று சொன்னதை அவளும் ஞாபகப்படுத்தவில்லை.

ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி ஒரே கும்பல். வாங்கித் திரும்பும்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

“முன்னாடி நகரு! முன்னாடி நகரு! அம்மா, நடுவுல எவ்ளோ எடம் இருக்கு பாருங்க!”

கூவியது ஐஸ்காரர் இல்லை. வரிசையில் நின்ற ஒரு வழுக்கைத்தலைக் கிழவர்.

“ரைட்டு,” என்றார் அப்பா.

ரைட்டு என்பது பட்டப்பெயர். பதினோரு வருஷம் அப்பாவின் பஸ்ஸில் கண்டக்டர்; அவள் மாமா என்று கூப்பிட்டவர். ஒரே டப்பாவில் சாப்பிட்ட ரெண்டு பேரும் இருபத்தாறு வருஷமாக ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கவில்லை. ஒரு மழைநாளில், ஒரு கிழவியின் மூட்டையை இறக்கிவிட ரைட்டு கீழே இறங்கினார். ரெண்டு விசில் கேட்டது. ரெண்டு விசில் என்றால் கிளம்பு. அப்பா கிளம்பிவிட்டார். கண்டக்டர் ரோட்டில், வண்டி நாலு ஸ்டாப் தாண்டி! “நீ அடிச்ச,” என்றார் அப்பா. “நான் அடிக்கல,” என்றார் ரைட்டு. ஆபீஸில் விசாரணை வரைக்கும் போய், ஆளுக்கொரு ரூட்டில் தூக்கிப் போட்டார்கள்.

அடித்தது அவள். அப்போது ஒன்பது வயது. டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, பாக்கெட்டில் ஒரு பொம்மை விசிலோடு வந்தவள், ஒரே ஒரு தடவை தானும் பஸ்ஸைக் கிளப்பிப் பார்க்க ஆசைப்பட்டாள். அன்றைக்குப் பயத்தில் மூடிய வாயை இன்னும் திறக்கவில்லை.

ரைட்டு இவர்களைப் பார்த்துவிட்டார். நின்றார். பிறகு வரிசையை விட்டுவிட்டு நேரே வந்தார்.

“என்னய்யா, உக்காந்தே வர்ற?”

“எப்பவும் உக்காந்துதான் ஓட்டினேன். நின்னுக்கிட்டே வந்தவன் நீ.”

இருவரும் ஏரியைப் பார்த்தார்கள். அப்புறம் ரைட்டு, “நான் அன்னிக்கு அடிக்கல,” என்றார்.

“ஆரம்பிச்சுட்டான்யா!” அப்பாவுக்கு மூச்சு வாங்கியது.

இப்போது சொல்லாவிட்டால் எப்போது?

“நான்தான்ப்பா அடிச்சேன். என் பொம்மை விசில்.”

அப்பாவின் ஐஸ்கிரீம் உருகி மணிக்கட்டு வரை வழிந்தது. அவர் துடைக்கவில்லை.

“ரெண்டையும் ஒரே அளவா அடிச்சியா?”

“ம்.”

“அதான். இவன் அடிச்சா ரெண்டாவது இழுக்கும். அன்னிக்கு இழுக்கல. எனக்கு அப்பவே பட்டுச்சு.” ரைட்டுவை நிமிர்ந்து பார்த்தார். “பட்டும் சொல்லல. கண்ணாடியப் பாக்காம எடுத்துட்டேன்னு ஒத்துக்கணுமே. வீம்புடா.”

ரைட்டு அவள் பக்கம் திரும்பினார். “அடிப்பாவி! மழையில மூணு மைல் ஓடினேன்டி!”

முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். ரைட்டு தன் கைக்குட்டையை எடுத்து அப்பாவின் மணிக்கட்டைத் துடைத்துவிட்டார். வெயில் தாழும் வரை உட்கார்ந்து, செத்தவன் இருக்கிறவன் எல்லாரையும் பேசித் தீர்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து, ஜன்னலோரம் நாற்காலியிலேயே கண்ணயர்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அமரர் ஊர்தியில் அப்பாவுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் பின்னால் திரும்பி, “போலாமாம்மா?” என்று கேட்டார். போகலாம் என்று எப்படிச் சொல்வது?

கீழே கதவருகே நின்ற ரைட்டு, சட்டைப் பையிலிருந்து தேய்ந்துபோன ஒரு விசிலை எடுத்து அவள் கையில் வைத்தார்.

“நீ அடி.”

அவள் வாயில் வைத்தாள்.

“ஏய், இரு இரு! முதல்ல நான் ஏறிக்கிறேன்.”

கம்பியைப் பிடித்து மெல்ல ஏறி, அப்பாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டார். டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார்.

“இப்ப அடி.”

அவள் ஒன்று அடித்தாள். இரண்டாவதை இழுத்து அடித்தாள்.