அத்தை போட்ட பூட்டு

மாமியாரிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரியாத மாப்பிள்ளைகள் உலகத்தில் நிறைய உண்டு. அப்படி ஒருவன் கையில் ஒரு கம்பெனியின் தொலைபேசிகளையும் ஒப்படைத்தால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

அது லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. நானூறு லிஃப்டுகளில் எதில் யார் மாட்டிக்கொண்டு சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அழைப்பு அந்த மாமியாரிடம், அதாவது அத்தையிடம்தான் வந்து விழும். இருபத்தாறு வருடமாக அவர்தான் ஆபரேட்டர். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு. அதுவரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்" என்பார். இருக்கவும் செய்வார். மாட்டிக்கொண்டவர் வெளியே வருவதற்குள் அவருடைய சொந்தக் கதை, சோகக் கதை எல்லாம் அத்தைக்குத் தெரிந்துவிடும். அத்தையின் மகளைக் கட்டிய நம் மாப்பிள்ளை, அதே கம்பெனியில் தொலைபேசிகளைப் பார்த்துக்கொள்பவன்.

இரண்டு மாதம் முன்பு அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்காக வேலையை விடுவாரா? இணையம் வழியாக அலுவலகத் தொலைபேசி எக்ஸ்சேஞ்சோடு சேர்கிற ஃபோன் ஒன்றை மாப்பிள்ளை கட்டிலருகே வைத்தான். தினமும் காலையில் உள்ளே நுழையப் பதினாறு எழுத்தில் ஒரு கடவுச்சொல்லும் எழுதிக் கொடுத்தான். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இது என்ன மாப்பிள்ளை, கொசு செத்து விழுந்த மாதிரி இருக்கு? என் எக்ஸ்டென்ஷன் நம்பரையே வெச்சிடுங்களேன்."

கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனாலும் தலை தானாக ஆடிவிட்டது. 214 என்ற எண்ணுக்கு 214 என்பதே பூட்டு.

போன செவ்வாய்க்கிழமை வினை வந்தது. எங்கிருந்தோ எவனோ தட்டித் தட்டிப் பார்த்து அந்தப் பூட்டைத் திறந்துவிட்டான். அத்தையின் எண்ணிலிருந்து பெயர் தெரியாத நாடுகளுக்கெல்லாம் அழைப்புகள் பறந்தன. கம்பெனியின் எல்லா லைன்களும் அடைபட்டன. அந்த நேரம் பார்த்து ஒரு பல் டாக்டர் ஏழாவது மாடிக்குப் போகும் வழியில் மாட்டிக்கொண்டார். இருபது நிமிடம் பொத்தானை அழுத்தியும் அவருக்குக் கேட்டது பிஸி சத்தம் மட்டும்தான்.

விஷயம் தெரிந்ததும் மாப்பிள்ளை எக்ஸ்சேஞ்சை வெளியார் யாரும் தொட முடியாதபடி மூடினான். மறுநாள் காலை மேலாளர் கூப்பிட்டார்.

"இனிமே பதிவு பண்ணின குரல் போதும். ஒண்ணை அழுத்துங்க, ரெண்டை அழுத்துங்கன்னு அதுவே சொல்லும். உங்க மாமியாருக்கு ஓய்வு குடுத்திடலாம்."

"எதுக்கு சார்?"

"அவங்களே நேத்து ஃபோன் பண்ணி ஒத்துக்கிட்டாங்க. நீங்க பெரிய கடவுச்சொல்தான் குடுத்தீங்களாம். உங்களுக்குத் தெரியாம அவங்களே மாத்திட்டாங்களாம். இவ்வளவு அலட்சியமா இருக்கறவங்களை எப்படி நம்பறது?"

மாப்பிள்ளையின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாதென்று அந்த மனுஷி படுத்த படுக்கையிலிருந்து பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த நிமிடம் அவர்மேல் அவனுக்கு வந்த பாசத்துக்கு அளவில்லை. கூடவே கோபமும் வந்தது.

"அவங்க சொன்னது பொய் சார். மாத்தினது நான். அவங்க கேட்டாங்கதான், ஆனா கேட்டா உடனே செஞ்சிடறதா? பூட்டு என் பொறுப்பு. வீட்டுக்கு அனுப்பணும்னா என்னை அனுப்புங்க."

மேலாளர் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். "குடும்பமே சேர்ந்து என்னைக் குழப்பறீங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் தர்றேன். பூட்டை ஒழுங்கா போடுங்க. வெளியாள் ஒருத்தரை விட்டு உடைச்சுப் பார்ப்பேன். உடைஞ்சா பதிவுக் குரல்தான்."

மாப்பிள்ளை நேராக அத்தை வீட்டுக்குப் போனான். ஃபோனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டினான். இனி அந்தப் பெட்டி வழியாக வருகிற அழைப்பை மட்டுமே எக்ஸ்சேஞ்ச் ஏற்கும். வேறு யார் தட்டினாலும் பதிலே வராது. மூன்று தடவை தப்பாக அடித்தால் கதவு சாத்திக்கொள்ளும். வெளிநாட்டு அழைப்பு அந்த எண்ணிலிருந்து கிடையவே கிடையாது.

"என்னை எதுக்கு மாப்பிள்ளை காட்டிக்குடுத்தீங்க?" என்றார் அத்தை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "நான் எவ்வளவு கஷ்டப்பட்டுப் பொய் சொன்னேன் தெரியுமா?"

"கடவுச்சொல்லை நீங்களே போடுங்க அத்தை. நாலஞ்சு வார்த்தை சேர்த்து நீளமா. என்கிட்டகூடச் சொல்லாதீங்க."

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தான். அவனுடைய மடிக்கணினி எழுத்துகளைக் காட்டாது. பூட்டின் பலத்தை மட்டும் காட்டும். அத்தை அடித்தார். சிவப்பு வந்தது.

மாப்பிள்ளை வாயைத் திறந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் வராத சொல் அது.

"போதாது அத்தை."

மறுபடி அடிக்கும் ஓசை கேட்டது. மஞ்சள் வந்தது.

"இதுவும் போதாது அத்தை." அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மூன்றாவது தடவை பச்சை வந்தது.

சாயங்காலம் ஐந்தரைக்கு அத்தையின் ஃபோன் அடித்தது. அலுவலகக் கட்டடத்து லிஃப்டின் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தவர் மேலாளரேதான்.

"ரெண்டு மணி நேரம் உடைச்சுப் பார்த்தாச்சு, உடையலை," என்றார். "நீங்க லைன்ல இருக்கீங்களான்னு பார்த்தேன்."

"இருக்கேன் சார். பயப்படாதீங்க," என்றார் அத்தை பழக்க தோஷத்தில்.

ஃபோனை வைத்துவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் இருந்தது.

"இந்தப் போதாதுங்கறதை அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா, பாவம் அந்தப் பல் டாக்டர் நேரத்துக்கு வீட்டுக்குப் போயிருப்பார் இல்லையா மாப்பிள்ளை?"