ஓடக்காரியின் முகம்

ஓடக்காரிக்கு நான் ஒரு முகம் வைத்திருந்தேன். பதிமூன்று வயதில் வைத்தது. பன்னிரண்டு வருடங்களாக அது மாறவில்லை.

ஏழு பாகங்கள் கொண்ட அந்தக் கதையில், ஆற்றில் தண்ணீருக்குப் பதில் மூடுபனி ஓடும். அதன்மேல் படகு விடுகிறவள்தான் ஓடக்காரி. கதையைச் சொல்வதும் அவளே. தன் கை, தன் பசி, தன் பயம் எல்லாவற்றையும் சொல்வாள். முகத்தை மட்டும் சொல்ல மாட்டாள். படிக்கிறவர்கள் ஆளுக்கொரு முகம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வைத்த முகத்துக்கு எனக்குத் தெரிந்த யாருடைய சாயலும் இல்லை. பள்ளியில் யாரும் பக்கத்தில் உட்காராத நாள்களில் அது உட்கார்ந்தது. வேலைக்கான நேர்காணலில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். நாலாவதாக அது இருந்தது. அதைப் பார்த்துத்தான் பதில் சொன்னேன்.

வேலை கிடைத்தது தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில். சோதனைக்கு எந்தத் தண்ணீர் வந்தாலும் இரண்டு புட்டிகளில் எடுப்போம். முதல் புட்டி கெட்டுப்போனால் இரண்டாவது இருக்கும். அந்த முகத்துக்கு இரண்டாவது புட்டி கிடையாது. எனக்கு வரையத் தெரியாது. யாரிடமும் சொன்னதும் இல்லை. கதை தொலைக்காட்சித் தொடராக வருகிறது என்று கேள்விப்பட்டதும் எனக்கு அந்த முகத்தைப் பற்றித்தான் கவலை வந்தது. திரையில் ஒருமுறை ஒரு முகத்தைப் பார்த்துவிட்டால் மனதில் இருந்தது திரும்பி வராது. வேறு கதைகளில் எனக்கு அப்படி ஆகியிருக்கிறது.

அண்ணியிடம் மட்டும் சொன்னேன்.

"அப்போ பார்க்காதே. யாரு உன்னைக் கையைப் பிடிச்சு இழுக்குறாங்க?" என்றார்.

"பார்க்காம இருக்க முடியாது அண்ணி."

"சரி, பாரு."

"பார்த்தா போயிடும்."

"நல்லா இருக்கு போ. உன் அண்ணன் என் முகத்துக்காக ஒரு நாளாவது இப்படித் தூக்கம் கெட்டிருப்பாரா? நானும் வர்றேன். நீ மயங்கி விழுந்தா தூக்க ஆள் வேணும்."

அண்ணி அந்தப் புத்தகங்களில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் பகுதி இணையத்தில் வெளியானது. எங்கள் வாசகர் குழு கூடுவது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில். கண் பரிசோதனை அட்டைக்குக் கீழே தொலைக்காட்சி. சுற்றிலும் கண்ணாடிச் சட்டங்கள் அடுக்கிய தட்டுகள். பதினோரு வருடங்களுக்கு முன்னால் குழுவை ஆரம்பித்தவர் கடைக்காரர்தான். ஒரே ஒரு விதி வைத்தார்: ஓடக்காரியின் முகத்தைப் பற்றி யாரும் யாரிடமும் பேசக் கூடாது. குழுவில் நர்ஸ் அக்கா நன்றாக வரைவார். அவர் வரைந்த பதினான்கு படங்கள் சுவரில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் ஓடக்காரியின் முதுகுதான்.

அண்ணி சுவரை ஒரு சுற்றுப் பார்த்தார். "இது என்ன, எல்லாரும் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்கிறாங்களா?"

"விதிம்மா அது. உட்காருங்க," என்று கடைக்காரர் நாற்காலி போட்டார்.

எல்லோர் மடியிலும் நோட்டுப் புத்தகம், கையில் பென்சில். தொடரில் எங்கே புத்தகத்தை மாற்றியிருக்கிறார்கள் என்று குறித்து, தயாரித்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதாக ஏற்பாடு. ஆளுக்கொரு பொறுப்பு. கடைக்காரருக்கு வெளிச்சமும் நிறமும். நர்ஸ் அக்காவுக்குக் காயமும் மருந்தும். பஸ் ஓட்டும் டிரைவர் அண்ணாவுக்குப் பாதையும் தூரமும். எனக்கு ஆள்களின் பட்டியல். யார், எந்தப் பாகம், எந்தப் பக்கம் என்று பத்தொன்பது வயதில் எழுத ஆரம்பித்தது.

"குறைஞ்சது இருபது தப்பு பிடிப்பேன். இல்லன்னா மீசையை எடுத்துடுறேன்," என்றார் டிரைவர் அண்ணா.

"உங்களுக்கு ஏது மீசை?" என்றார் நர்ஸ் அக்கா.

"அதான் தைரியமா சொல்றேன்."

நான் ஒரு திட்டத்தோடு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கிட்டப்பார்வை. ஓடக்காரி திரும்பப்போகிறாள் என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிடுவேன். திரை வெறும் நிறமாகிவிடும்.

தொடங்கியது. ஊரும் இல்லை, ஆளும் இல்லை. கரைக்குக் கரை மூடுபனி மட்டும் போய்க்கொண்டிருந்தது. புகை மாதிரி இல்லை. அதற்குக் கனம் இருந்தது. பாறையில் மோதி, யோசித்து, சுற்றிக்கொண்டு போனது. துணி மடிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் முதல் பாகத்தில் ஒரே ஒரு வரியில் வரும். அதைப் போய்க் கேட்டுவிட்டு வந்ததுபோல வைத்திருந்தார்கள். பக்கத்தில் யாருடைய பென்சிலும் அசையவில்லை.

"வெளிச்சம் பனிக்குள்ள இருந்து வருது பாருங்க. மேல இருந்து இல்ல. புத்தகத்துல அப்படித்தான்," என்று கடைக்காரர் முணுமுணுத்தார்.

"பேசாதீங்க," என்றார் நர்ஸ் அக்கா.

படகு வந்தது. ஓடக்காரி முதுகைக் காட்டி நின்று துடுப்பு போட்டாள். இருபது நிமிடம் முதுகைத்தான் காட்டினார்கள்.

"முகத்தைக் காட்டவே மாட்டாங்க போலிருக்கே," என்றார் டிரைவர் அண்ணா. நானும் அப்படி நம்ப ஆரம்பித்தேன்.

அப்போது கரையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பினாள்.

என் கை எழவே இல்லை. மூச்சு விடுவதையே மறந்திருந்தபோது கண்ணாடியைக் கழற்ற எங்கே ஞாபகம் வரும்?

இடது புருவம் நடுவில் பிளந்திருந்தது. முன்பல் பாதி உடைந்திருந்தது. தாடையிலிருந்து காதுவரை தீக்காயம், தோல் மினுமினுத்தது. அழகு என்றும் சொல்ல முடியாது, அழகில்லை என்றும் சொல்ல முடியாது. வேலைக்கு நடுவே கூப்பிட்டுவிட்டார்களே என்ற எரிச்சலோடு, பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

கடைக்காரர் படத்தை நிறுத்தினார்.

"யாருங்க இது?" டிரைவர் அண்ணா எழுந்துவிட்டார். "பல்லு உடைஞ்சிருக்கு! எந்தப் பாகத்துல இருக்கு, எந்தப் பக்கத்துல இருக்கு?"

"தீக்காயம் ஏழு பாகத்துலயும் சேர்த்து எட்டு," என்றார் நர்ஸ் அக்கா. "ஒண்ணு குதிரைத் திருடியோடது. மத்த ஏழும் ஆம்பளைங்களுக்கு. இவளுக்கு ஒண்ணுமே கிடையாது."

"கஷ்டப்பட்டவன்னு காட்ட இஷ்டத்துக்கு முகத்தைக் கிழிச்சு வெச்சிருக்காங்க," என்றார் கடைக்காரர். "எழுதுங்க, முதல் தப்பு. இரு, பட்டியல் உன்கிட்டதானேம்மா இருக்கு? எங்கேயாவது இருக்கா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நோட்டைத் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. புருவம், பல், தாடை. இந்த மூன்றும் இதே வரிசையில் என் கையெழுத்தில் இருந்தன.

மூன்றாம் பாகத்தில் ஓடக்காரி ஒரு துறைமுகத்தில் இறங்குவாள். சுவரில் காவலர்கள் ஒட்டிய அறிவிப்பு இருக்கும். தேடப்படும் பெண்ணின் அடையாளங்கள் அதில் எழுதியிருக்கும். பெயர் இருக்காது. அதே பாகத்தில் ஒரு குதிரைத் திருடி வருவாள். அறிவிப்பு அவளுக்கானது என்று நான் பட்டியலில் எழுதினேன். குழுவில் எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

எழுதிய நாள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நொடி சந்தேகம் வந்தது. இது ஓடக்காரியாக இருக்குமோ? ஆனால் என்னிடம் இருந்த முகத்தில் பல் உடைந்திருக்கவில்லை. அதனால் இது அவள் இல்லை. சோதனை முடிவுகளின் வரைபடக் கோட்டில் உட்காராத ஒரு புள்ளியை அழிப்பதுபோல அழித்துவிட்டேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தில் யாராவது அப்படிச் செய்தால் நானே சும்மா விடமாட்டேன்.

இல்லை என்று சொல்லலாம். கடிதம் போகும். என் முகம் சரி, திரையில் இருப்பது தப்பு என்று ஆகிவிடும்.

"இருக்கு," என்றேன். காற்றுதான் வந்தது.

"இருக்குங்கிறா," என்று அண்ணி உரக்கச் சொன்னார்.

அலமாரியிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து வாசித்தேன். "இடது புருவம் பிளந்தவள். முன்பல் உடைந்தவள். தாடையில் தீக்காயம். கண்டவர் காவலுக்குச் சொல்லவும். படித்தேன். காற்று அதிகம். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தேன்."

நர்ஸ் அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, அவளைப் பத்தின அறிவிப்பை அவளே படிக்கிறா."

டிரைவர் அண்ணா புத்தகத்தை வாங்கி இரண்டு முறை படித்தார். "இருபது தடவை படிச்சிருக்கேன். நிஜமாவே காத்து அடிக்குதுன்னு நினைச்சேன்."

"நான்தான் குதிரைத் திருடின்னு எழுதினேன்," என்றேன். "அன்னிக்கே சந்தேகம் வந்துச்சு. எனக்கு வேற முகம் இருந்துச்சு. அதை விட மனசில்ல."

யாரும் திட்டவில்லை. கடைக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கேயோ ஒருத்தர் நம்மளவிட மெதுவாப் படிச்சிருக்கார்," என்றார் கடைசியில். கோயிலுக்குள் பேசுவதுபோல இருந்தது அவர் குரல்.

"அது கிடக்கட்டும். உன் முகம் என்ன ஆச்சு? இருக்கா, போச்சா?" என்று அண்ணி கேட்டார்.

கண்ணை மூடினேன். உடைந்த பல்லோடு அவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் பழையது இருந்தது, ஓரம் கரைந்தபடி.

"போய்க்கிட்டிருக்கு."

"எனக்கும்தான்," என்றார் நர்ஸ் அக்கா.

"எனக்கு மூக்கு மட்டும் மிச்சம்," என்றார் டிரைவர் அண்ணா. இந்தத் தடவை விளையாட்டில்லை.

கடைக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். "சொல்லிடுங்க. இருக்கும்போதே சொல்லிடுங்க. விதியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

சொன்னார்கள். டிரைவர் அண்ணாவின் ஓடக்காரிக்கு ஐம்பது வயது, இரட்டைத் தாடை, நரைத்த புருவம். நர்ஸ் அக்காவுடையவளுக்குப் பதினாறு, லேசான மாறுகண். கடைக்காரருடையவளுக்கு ஒரு கண் பழுப்பு, ஒரு கண் சாம்பல். பதினோரு வருடம் ஒரே படகில் இத்தனை பேர் நின்றிருக்கிறார்கள். எனக்கு மலைப்பாக இருந்தது. ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர்கள் "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டோம்.

என் முறை வந்தது. அகலமான நெற்றி என்றேன். சொன்னதும் நெற்றி போய்விட்டது. கொஞ்சம் துருத்திய காதுகள் என்றேன். அவையும் போயின. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் என்றேன்.

"அப்புறம்?" என்றார் அண்ணி.

"அவ்வளவுதான்."

அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. திரையில் அந்தப் பெண் வாய் திறந்தபடி நின்றாள். கூப்பிட்டவர்களுக்கு அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அந்த வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதை எந்தக் குரலில் சொல்வாள் என்பதுதான் தெரியாது. குரலைப் பற்றி நாங்கள் யாரும் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"போடுங்க சார்," என்றேன்.

அவள் பேசினாள்.