ஐந்தாவது குரல்

எங்கள் வம்சத்துப் பெண்கள் சாவு வீட்டில் மட்டும்தான் வாய்விட்டுப் பாடுவார்கள். கீழ்பென்னாத்தூரில் இருந்தபோதும் சரி, வேங்கிக்காலில் வீடு கட்டி வந்த பிறகும் சரி, இதை நான் மாறவிட்டதில்லை. என் கடைசி மகள் சிந்துஜாதான் மாற்றினாள்.

அதற்கு அவளுக்கு வாத்தியாரும் தேவைப்படவில்லை, ஸ்டுடியோவும் தேவைப்படவில்லை. கல்லூரியில் படித்தபோது வாங்கிய லேப்டாப், இலவசமாகக் கிடைத்த சாஃப்ட்வேர், நல்ல புடவை ஒன்றின் விலைகூட இல்லாத மைக். மேளமும் வயலினும் விரலால் தட்டினால் வருகின்றன. எதிரொலி விழாமலிருக்க பீரோவைத் திறந்து, தொங்கும் புடவைகளுக்குள் முகத்தை நுழைத்துப் பாடுவாள்.

அவை என் தங்கை பாஞ்சாலையின் புடவைகள். கணவன் போன பிறகு எங்களோடு இருந்தவள், புரட்டாசியில் இறந்தாள். காரியம் முடிந்ததும் அவற்றைக் கொடுத்துவிடுவது வழக்கம். என் தங்கை உடுத்தியதை யாரோ உடுத்திக்கொண்டு தெருவில் போவதா? நான் விடவில்லை.

சிந்துஜா இணையத்தில் போட்ட பாட்டைக் கேட்டுத்தான் போளூரிலிருந்து வரன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருகிறோம், பெண்ணின் புதுப்பாட்டைக் கேட்க வேண்டும் என்று மாப்பிள்ளையின் அம்மா வள்ளி போனில் சொன்னார். ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் உறவினர் முன் நான் நிமிர்ந்து நடக்க முடியாது. சரி என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

"யார் யாரைக் கூட்டி வச்சுப் பாடின?"

"நான் ஒருத்திதாம்பா. நாலு தடவ பாடி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கியிருக்கேன்."

"அஞ்சு பேரு பாடுறாங்களே."

அவள் பாட்டை நிறுத்தினாள். "உங்களுக்கும் கேக்குதாப்பா?"

திரையில் நான்கு பட்டைகள், ஒவ்வொன்றும் அவள் ஒரு தடவை பாடியது. ஒவ்வொன்றாக அணைத்தாள். மேளத்தையும் அணைத்தாள். அடியில் ஒரு குரல் மட்டும் மிஞ்சியது. வரி முடிவில் மூச்சு உடையும் அந்த இழுப்பு பாஞ்சாலையுடையது.

"அண்ணா... என் பொறந்த எடத்து நெழலே... கூப்புட்டா பேச மாட்டியா..."

ஒப்பாரியில் உயிரோடிருப்பவனை யாரும் அழைப்பதில்லை.

"அழிச்சுடுடி," என்றாள் என் மனைவி சரோஜா. பிறகு என்னிடம், "செத்தவங்க கூப்ட்டா ஏன்னு கேக்கக் கூடாது. நீங்க வாயத் தொறந்துடாதீங்க," என்றாள்.

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?"

சிந்துஜா அழித்தாள். பீரோ பக்கமே போகாமல், கூடத்தில் உட்கார்ந்து புதிதாகப் பாடினாள். கேட்டோம். நான்கு குரல்கள்தான்.

மறுநாள் வந்தார்கள். கேசரியை வழித்துக்கொண்டே வள்ளி சிரித்தார். "எங்க வீட்டுல மிக்ஸி சத்தந்தான் சங்கீதம். நீ வந்துதாம்மா மாத்தணும்."

"உன் கொறட்டைய வுட்டுட்டியேம்மா," என்றான் மாப்பிள்ளை விமல்ராஜ்.

பாட்டு ஓடியது. பாதியில் அடியிலிருந்து அது கிளம்பியது. "அண்ணா..."

சிந்துஜா லேப்டாப்பை மூடினாள். குரல் நிற்கவில்லை. பீரோ இருக்கும் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தது.

வள்ளி தட்டைக் கீழே வைத்தார். "உள்ள யாருங்க அழுவுறது?"

சரோஜா ஓடிப்போய் அந்த அறைக் கதவைச் சாத்தினாள்.

"புத்தி சரியில்லாதவங்க யாரையாச்சும் உள்ள வச்சிருக்கீங்களா? மறைக்காம சொல்லிடுங்க. நாளைக்குப் பொறக்கற புள்ளைங்க விஷயம்." என்றார் வள்ளி. விமல்ராஜ் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டான்.

"கூப்புட்டா பேச மாட்டியா... அண்ணா..."

சரோஜா என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். வேண்டாம், வேண்டாம் என்று.

என் வீட்டில் பைத்தியம் என்று போளூர் வரை பேச்சுப் போக நான் விடுவேனா? முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"என் தங்கச்சிங்க. ஒடம்பு சுகமில்ல, அவ்ளோதான்," என்றேன். உள்பக்கம் திரும்பி, "என்னம்மா பாஞ்சாலை? விருந்தாளிங்க போகட்டும், வரேன்," என்றேன்.

அழுகை அந்தக் கணமே நின்றது.

"அதான பாத்தேன்," என்று வள்ளி மூச்சுவிட்டார். சிந்துஜா லேப்டாப்பைத் திறந்தாள். பாட்டு முழுவதும் ஓடியது. நான்கு குரல்கள், சுத்தமாக. பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். தட்டு மாற்ற நாள்கூடப் பேசினார்கள். சரோஜா பீரோ அறையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நாங்க கெளம்பறோம் சம்பந்தி," என்று வள்ளி எழுந்தார்.

"என்ன அவசரம்? உக்காருங்க," என்றேன். "பாட்ட இன்னொரு தடவ கேட்டுட்டுப் போங்க."