பனியன் வேஸ்ட்

"தொடைக்காத. அவ்ளோதான் கேக்குறேன்."

"ஜெபின் சார் தரையப் பாத்தா உன்னத்தான் கேப்பாரு. இன்னா சொல்லுவ?"

"ஒழுவுதுன்னு சொல்றேன். கண்ணுல பட்டாத்தான எங்கேர்ந்து ஒழுவுதுன்னு தேட முடியும்? நீ வூட்டு வாசல் மாறி தெனம் பளபளன்னு வச்சிகினு கீற."

எர்ணாவூரில் சமையல் எண்ணெயைப் பாக்கெட்டில் அடைக்கும் அந்தச் சின்ன கம்பெனியில் ராமசெல்வி ஓட்டுவது இரண்டாம் மெஷின். தொடைக்காதே என்று கேட்பவன், மெஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் தௌசீஃப். போன வாரம் கியர்பாக்ஸில் எண்ணெய் வற்றி மெஷின் இறுகி நின்றுவிட்டது. இன்னொரு முறை நின்றால் வேறு பிட்டரைப் பார்த்துக்கொள்வதாக சூப்பர்வைசர் ஜெபின் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். தௌசீஃப் தலைகுனிந்து நின்றது இன்னும் அவள் கண்ணை விட்டுப் போகவில்லை.

காலையில் அவன் வருமுன்பே, மெஷின் அடியில் சொட்டியிருக்கும் கியர் எண்ணெயை ஒரு பிடி பனியன் வேஸ்ட் கழிவுத்துணியால் துடைத்துவிடுவாள். அவனுக்குத் திட்டு விழக் கூடாதென்றுதான் ஆரம்பித்தாள். அவன் பார்க்க வேண்டியதைத்தான் இத்தனை நாளும் துடைத்து எடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

அவன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து மெஷினுக்கு அடியில் விரித்தான். அவள் இடது கையால் பொத்தானை அழுத்திவிட்டு அவன் பக்கத்தில் வந்து குந்தினாள். பிறை தேடி மொட்டைமாடியில் நிற்பவர்களைப் போல இருவரும் காத்திருந்தார்கள். பழுப்பு அட்டையில் ஒரு சொட்டு விழுந்து மெல்லப் பரவியது. துடைக்கத் துடித்த விரல்களை அவள் மடக்கிக்கொண்டாள்.

சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே, ஷாஃப்ட் ஓரத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீல் கிழிந்திருந்தது. சாப்பாட்டு மணிக்குள் மாற்றிவிட்டான். ஜெபின் வந்து அட்டையைப் பார்த்தார். முதல் மெஷினுக்கும் இப்படி ஒன்று விரிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு ஏதும் உண்டா என்று தௌசீஃப் கேட்டான். இல்லையென்று தலையாட்டினாள். அவன் நம்பாமல் மெஷினைச் சுற்றி வந்தான். பாக்கெட் வாயைச் சூட்டில் ஒட்டும் இடத்தில் கை போகாமலிருக்க ஒரு தகடு உண்டு. விரலால் தொட்டதும் அது ஆடியது. திருகு கழன்று எத்தனை நாளோ.

திரும்பிப் பார்த்தான். காலையிலிருந்து அவளுடைய வலது கை ஓவர்கோட் பைக்குள்ளேயே இருந்தது.

அவள் இடது கையிலிருந்த பனியன் வேஸ்ட்டை வாங்கி, தன் உள்ளங்கையை அழுத்தித் துடைத்து, அவள் முன்னால் விரித்தான்.

"திட்டு எனக்கு வுழட்டும், செல்வி. கையக் காட்டு."