செக்கிங் டேபிளில் ஓடிய படங்கள்

திருப்பூர் நல்லூரில் அந்தப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தால் போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாட்டும் கிடையாது. ஆனால் வாயை வாங்கி வைக்க எந்த வாட்ச்மேனாலும் முடியாது. செக்கிங் டேபிளைச் சுற்றி நிற்கும் பெண்களின் கைகள் தம்பாட்டுக்குப் பிசிறு வெட்டும், கறை இருக்கிறதா ஓட்டை இருக்கிறதா என்று பனியனைப் புரட்டும். காது மட்டும் சும்மா இருக்கும். சும்மா இருந்த அந்தக் காதுகளுக்குத்தான் நாகஜோதி படம் ஓட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு அவள் தனியாகப் போவாள். மற்றவர்களுக்கு ஞாயிறு என்றால் ஒரு வாரத் துணியும் ஒரு வார மாவும் காத்துக் கிடக்கும். அவர்கள் துவைத்து, ஆட்டி, ஓய்ந்து, திங்கட்கிழமை டேபிளுக்கு வந்து நின்றதும், "ம், ஆரம்பி கண்ணு" என்பாள் பழனாத்தாள். பழனாத்தாளுக்குச் சொந்தமாக லைன் வீடுகள் இருந்தன. அதில் ஒன்றில்தான் நாகஜோதி குடியிருந்தாள். வாடகை வருகிறதே, வீட்டில் உட்காரலாமே என்று யாராவது கேட்டால், உட்கார்ந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு வேலைக்கு வருகிற பெண்மணி.

மாதக் கடைசியில் ஷிப்மெண்ட் போன மறுநாள் டேபிளில் நெருக்கடி இருக்காது. அன்றைக்கு நாகஜோதி அந்த மாதம் பார்த்த படங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தித் தீர்ப்புச் சொல்வாள். இந்த மாதத் தீர்ப்பு கொஞ்சம் காரமாகவே இருந்தது.

முதல் படம் வெட்டுக்குத்து. "அத்தனை பேரை வெட்டிட்டு அவன் வெள்ளைச் சட்டையோட வீட்டுக்கு வாரான்க்கா. மறுநாளும் வெள்ளைச் சட்டை. அந்தக் கறையைத் துவைச்சது யாரு? அதை ஒருத்தரும் காட்டல. அவன் பொண்டாட்டி அந்தப் படம் பூரா கொல்லையில நின்னு துவைச்சுக்கிட்டுதான் இருந்திருப்பா. அதனாலதான் அவளுக்கு மொத்தமே மூணு சீனு."

இரண்டாவது பேய்ப்படம். அது அவளுக்குப் பிடித்திருந்தது. "அவ உசுரோட இருக்கையில நடந்ததைச் சொல்லிக் கதறுறா. மாமியா கேக்கல, போலீஸ் கேக்கல, பெத்த அப்பனே கேக்கல. செத்துப் பேயா வந்து நிக்கிறா பாருங்க, அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கிட்டுக் கேக்கிறாக. நாம வாயைத் தொறந்தா ஊரு கேக்கணும்னா செத்துத்தான் வரணும்போல." டேபிள் சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் நாகஜோதி முடிவுக்கு வந்தாள். "கடைசில மந்திரவாதி அவளைப் புளியமரத்துல ஆணியடிச்சு நிறுத்தினான். ராத்திரியோட ராத்திரியா ஆணி கழண்டு விழுந்துருச்சு."

மூன்றாவது காதல் படம். ஒருத்தன் ஒருத்தி ஏறும் பஸ்ஸிலெல்லாம் ஏறிக்கொண்டே இருந்தான். கடைசியில் அவள் பஸ்ஸைப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிறுத்தச் சொன்னாள். அவ்வளவுதான், அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றிப் பேச நாகஜோதிக்கு மனசில்லை.

நான்காவதுதான் பெரிய படம். ஊரே அழுத குடும்பப் படம். அடிக்கிற புருஷனை விட்டுவிட்டு வருகிறாள் ஒருத்தி. இட்லிக்கடை போடுகிறாள், கடை நன்றாக ஓடுகிறது. அப்போது பார்த்து அவன் படுத்த படுக்கையாகி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். "அவ போனா. போய்க் கஞ்சி குடுத்தா. வாயைத் துடைச்சுவிட்டா. 'உடம்பைப் பார்த்துக்கங்க'ன்னு சொல்லிட்டு நேரா பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறிட்டா. சன்னலோரத்து சீட்டு. மறுநாள் இட்லிக்கு அரிசி ஊறப்போடணும்ல?"

பழனாத்தாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சன்னலோரமா உக்காந்து போனாளாக்கும்! மகராசி!"

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆணி கழலவில்லை. பஸ் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கவில்லை. நாகஜோதி சொன்ன முடிவு எதுவும் படத்தில் இல்லை. ஆரம்பத்திலிருந்து முக்கால்வாசிப் படத்தை அட்சரம் பிசகாமல் சொல்லுவாள். கடைசிக் கால்வாசி அவளுடையது. டேபிளில் யாரும் தியேட்டர் பக்கம் போகாதவரை அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவளுக்கு இந்தப் பழக்கம் வந்ததற்கும் ஒரு படம்தான் காரணம். சாத்தூர்ப் பக்கம் அவள் வாக்கப்பட்ட முனீஸ் ஒரு நடிகனுக்கு ரசிகர் மன்றத்து ஆள். போன வருஷம் முதல் நாள் முதல் காட்சிக்குப் பெண்டாட்டியையும் கூட்டிப்போனான். முடிந்து வெளியே வந்தபோது அவன் கூட்டாளி ஒருத்தன், "படம் எப்படி மதினி?" என்று கேட்டான். "இடைவேளைக்கு அப்புறம் தூக்கம் வந்துச்சு" என்றாள் நாகஜோதி. அவ்வளவுதான். கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றிவிட்டு வந்த கை அத்தனை பேர் முன்னால் அவள் கன்னத்தில் இறங்கியது. அந்தக் கையில் பால் வாடை அடித்ததுதான் இன்றைக்கும் அவளுக்கு நினைவில் இருக்கிறது. மறுநாளே திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். முடிவு பிடிக்கவில்லை என்று சொல்வதை விட்டு, அதை மாற்றிச் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

ஒரே ஒரு அறைதானே என்றார்கள். அவளுடைய அண்ணனே சொன்னான். எண்ணிக்கையில் ஒன்றுதான், யார் இல்லை என்றது? ஆனால் அது எதற்கு விழுந்த அறை? குழம்பில் உப்புக் கூடிப்போனதற்கு அல்ல. கேட்டதற்குப் பதில் சொன்னதற்கு. பார்த்த படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொந்தமாகச் சொல்லக் கூடாத வீட்டில், வாழ்நாள் முழுக்க என்ன சொல்லி வாழ்வது?

இப்போது அந்த வீட்டுக்கு அவளைத் திரும்பக் கூட்டிப்போக ஆள் வருகிறது. முனீஸின் பெரியப்பா பொன்னுச்சாமி போன் செய்திருந்தார். "ஞாயித்துக்கிழமை வாரோம் தாயி. பெட்டியக் கட்டி வை." அண்ணனும் பின்னாலேயே கூப்பிட்டு, போகாவிட்டால் இனிமேல் தன் வீட்டு வாசலையும் மிதிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதாவது இந்த ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்து மாட்டேன் என்று சொன்னால், அவளுக்கு இரண்டு பக்கமும் வீடு இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் பழனாத்தாள் குட்டையைக் குழப்பினாள். நாகஜோதி சொன்ன கதையில் சொக்கிப்போய், அந்தச் சன்னலோரத்து சீட்டைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மகளை இழுத்துக்கொண்டு புதன்கிழமை மாலைக் காட்சிக்குப் போய்விட்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு தியேட்டர் படியேறியவள்.

வியாழக்கிழமை டேபிளில் இடி விழுந்தது.

"ஏன் கண்ணு, அந்தப் படத்துல பஸ்ஸே வரலையே!"

நாகஜோதி கையிலிருந்த பனியனைப் பார்த்தபடி நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்கு வாரா, அவன் காலைத் தொட்டுக் கும்புடறா, கடையைச் சாத்திப்போட்டு அவன்கூடவே போயிர்றா. என்ற மவ கேக்கறா, 'எங்கம்மா பஸ்ஸு, எங்கம்மா பஸ்ஸு'ன்னு. நான் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெக்கறது? அப்ப அந்தப் பேயி? அந்த ஆணி?"

"கழறலக்கா."

"போலீஸ் ஸ்டேசனு?"

"இல்ல. அவனையே கட்டிக்கிட்டா."

டேபிளைச் சுற்றி ஒரு முணுமுணுப்பு ஓடியது. நாகஜோதிக்குக் கன்னம் காந்தியது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பழனாத்தாள் அப்போதே சமாதானமாகியிருப்பாள். ஆனால் அவள் கேட்கவில்லை.

"ஆமாக்கா, மாத்தித்தான் சொன்னேன். இட்லிக்கடை போட்டவளை இடைவேளை வரைக்கும் பார்த்தீங்கள்ல? அடுப்புப் புகையில நின்னு, கடன்காரனை எதுத்துப் பேசி, ஒத்தையா நிமிர்ந்தவ. அவளா கடைசில வந்து கால்ல விழுந்தா? அது அவ இல்ல. எவளையோ பிடிச்சு அவ சேலையக் கட்டிவிட்டுக் கூட்டியாந்துட்டாக. நிசமான அவ என்ன செஞ்சிருப்பாளோ அதைத்தான் நான் சொன்னேன்."

"உனக்குப் புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லோணும். இல்லாததைச் சொல்லி எங்களை அழுக வெக்கறதா?" என்றாள் பழனாத்தாள். அவள் குரல் உடைந்திருந்தது. கோபத்தைவிட வருத்தம்தான் அதில் அதிகம். அன்றைக்கும் மறுநாளும் டேபிளில் யாரும் கதை கேட்கவில்லை. கத்தரிச் சத்தம் மட்டும் கேட்டது. லைன் வீட்டில் தண்ணீர் பிடிக்க நின்றபோதுகூடப் பழனாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கணவன் வீட்டை உதறிவிட்டு வந்தபோது வராத அழுகை, அந்தக் குழாயடியில் நாகஜோதிக்கு வந்தது. ஆனாலும் பெட்டியைக் கட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்துவிட்டார்கள். லைன் வீட்டு வாசலில் குழாய்க்குப் பக்கத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள் நாகஜோதி. பொன்னுச்சாமி ஒன்றில் உட்கார்ந்தார். முனீஸ் உட்காராமல் சுவரில் சாய்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். அக்கம்பக்கத்து வீட்டுப் பெண்கள் துணி அலசுவதைப் பாதியில் விட்டுவிட்டு நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் செக்கிங் டேபிள்காரிகள். குடத்தை வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள் வீட்டுக்காரி பழனாத்தாள். குடம் எப்போதோ நிறைந்துவிட்டது.

"இந்தா பாரு தாயி, ஒரு அறை. அதுக்கு ஒரு வருசமா?" என்று ஆரம்பித்தார் பொன்னுச்சாமி.

"நான் அவளை மன்னிச்சிட்டேன் பெரியப்பா" என்றான் முனீஸ், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

அடித்தவன் மன்னித்துவிட்டானாம். கேட்டுக்கொண்டிருந்த ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பொன்னுச்சாமி அதைக் கவனிக்கவில்லை. அவர் கெட்டவர் இல்லை, பேச வந்ததைப் பேசி முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்.

"இப்ப ஒரு படம் வந்துச்சே, ஊரே அழுதுட்டு வந்துச்சே. நீதான் படம் பாக்கிறவளாச்சே, பாத்திருப்ப. அந்தப் புள்ளையும் உன்னை மாதிரிதான் கோவிச்சுக்கிட்டுப் போச்சு. இட்லிக்கடை போட்டுச்சு. கடைசில என்னாச்சு? புருசன் காலைத் தொட்டுக் கும்பிட்டு அவன்கூடப் போகலையா? எம்புட்டுக் கைதட்டு! அதான் தாயி குடும்பம்."

அவர் சொல்வது பொய்யில்லை. படம் அப்படித்தான் முடிகிறது. அது பொய்யில்லை என்று தெரிந்த ஒருத்தி குடத்தோடு எதிரே நிற்கிறாள்.

"பார்த்தேன் மாமா" என்றாள் நாகஜோதி. "அந்தக் கடைசி சீனு எனக்குப் பிடிக்கல. அன்னைக்கு வேற ஒரு படத்தைப் பிடிக்கலைன்னு சொன்னேன், அடி விழுந்துச்சு. இன்னைக்கும் பிடிக்கலைன்னுதான் சொல்றேன். படத்துல அவ வந்தா வரட்டும். நான் வரமாட்டேன். அண்ணன் வீடும் வேணாம், உங்க வீடும் வேணாம். நாளைக்கு எனக்கு வேலை இருக்கு."

முனீஸ் போனைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுவரை விட்டு நகர்ந்தான். "பாத்தீங்களா பெரியப்பா? இந்த வாய்தான். இந்த வாய்க்குத்தான்..."

"ஏனுங்க" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. பழனாத்தாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, முனீஸைத் தாண்டிக்கொண்டு பொன்னுச்சாமிக்கு எதிரே வந்து நின்றாள். "தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க எந்தப் படத்தைச் சொல்றீங்க? இட்லிக்கடைக்காரி படந்தானுங்களே? அவ எங்கீங்க அவன்கூடப் போனா?"

பொன்னுச்சாமி விழித்தார். "போனாளேம்மா. நான் பாத்தேனே."

"அட, இல்லீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா, கஞ்சி குடுத்தா, வாயைத் துடைச்சுட்டா, பஸ் ஏறிட்டா. சன்னலோரத்து சீட்டுங்க. வெளிய நல்ல மழை வேற. புதன்கெழமைதானுங்க என்ற மவளோட போய் என்ற ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்தேன். நீங்க அசந்து தூங்கியிருப்பீங்க."

"ஆமாங்க, பஸ்தானுங்க ஏறுனா" என்றாள் துணி அலசிக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு.

"மறுநாளைக்கு அரிசி ஊறப்போடோணுமில்லீங்க" என்றாள் இன்னொருத்தி.

பொன்னுச்சாமி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. திரும்பி முனீஸைக் கேட்டார், "ஏண்டா, நீ பாத்தியா அந்தப் படத்தை?"

"நான் பொம்பளைக படமெல்லாம் பாக்கிறதில்ல பெரியப்பா" என்றான் முனீஸ்.

பொன்னுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "கெளம்புடா. இந்த ஊர்ல படமே வேற மாதிரி ஓடுது."

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நாகஜோதி அசையாமல் நின்றாள். அப்புறம்தான் காலியான நாற்காலியில் உட்கார்ந்தாள். பழனாத்தாள் இன்னும் முறைப்பு மாறாத முகத்தோடு குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

"அக்கா" என்றாள் நாகஜோதி. "மழை எங்கக்கா வந்துச்சு?"

"நீ பஸ்ஸு உட்டீல்ல? நான் மழைய உட்டேன்" என்றாள் பழனாத்தாள். "நல்லாத்தான இருந்துச்சு?"

திங்கட்கிழமை செக்கிங் டேபிளில் அந்தப் படத்தை இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார்கள். அது மழையோடுதான் முடிந்தது.