சிரமம் ஏதுமில்லை

வர்ஷினி என்றைக்கு என் மேஜைக்கே காபி கொண்டுவந்து கொடுத்தாளோ, அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. எச்.ஆர். ஆட்கள் சும்மா சிரிக்க மாட்டார்கள்.

கையில் ஒரு படிவம். படியேறுவது, கழிப்பறை, உட்காரும் இடம் என்று பத்துக் கேள்விகள். எதில் என்ன சிரமம் என்று நான் எழுத வேண்டுமாம்.

“உங்க நல்லதுக்குத்தான் பவதாரிணி. மனசுல உள்ளதை எழுதுங்க” என்றாள்.

முந்தின கம்பெனியிலும் இதையேதான் சொன்னார்கள். படியேறினால் கால் வலிக்கிறது என்று வெள்ளந்தியாகச் சொன்னேன். “வீட்டுல ரெஸ்ட் எடுங்க, கூப்பிடுறோம்” என்று அனுப்பிவிட்டார்கள். இன்னும் கூப்பிடவில்லை. இந்த வேலையும் போனால் அம்மா மறுபடி பரவை மார்க்கெட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான்.

“எழுதிக் குடு பவா, கீழ்த்தளத்துக்கு மாத்துனாலும் மாத்துவாய்ங்க” என்றான் பக்கத்து நாற்காலி சிவபாண்டி. அவனுக்கு டீம் லீடர் பதவி மேல் ஒரு கண். நான் போனால் அவனுக்குத்தானே வசதி?

பத்துக் கேள்விக்கும் ‘சிரமம் ஏதுமில்லை’ என்று எழுதிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? வர்ஷினி பார்க்கும்போதெல்லாம் கைப்பிடியைத் தொடாமல் இரண்டு மாடி ஏறினேன். போலியோவில் சூம்பிய இடது காலுக்குத் தாங்கலாக மாட்டியிருக்கும் இரும்புக் காலிப்பர் தொடையை உரித்தெடுத்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. காளவாசலில் பஸ்ஸை விட்டிறங்கி ஆபீசுக்கு வந்தால், படிக்கட்டுக்குக் கீழே சக்கர நாற்காலியில் ஒரு பெண். பெயர் முத்துமீனா, டி. கல்லுப்பட்டிக்காரி. புதிதாக வேலைக்குத் தேர்வானவளாம். வர்ஷினி அவளிடம் அழாத குறையாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“கீழ ஒரு ரூம் கேட்டு நான்தான் போராடுனேன். ஏற்கெனவே இருக்கவங்களுக்கே சிரமம் இல்லையாமேன்னு பவதாரிணி எழுதுன படிவத்தைக் காட்டி, மேனேஜர் அந்த ரூமைக் குடோனாக்கிட்டாரும்மா. மாடிக்கு வந்தாத்தான் வேலைங்கிறாரு.”

சந்தேகப்பட வேண்டிய மேனேஜரை விட்டுவிட்டு வர்ஷினியைப் போய்ச் சந்தேகப்பட்டிருக்கிறேன்.

முத்துமீனா என் கழுத்திலிருந்த அடையாள அட்டையில் பெயரைப் படித்துவிட்டு என் காலைப் பார்த்தாள். “நெசமாவே ஒங்களுக்குச் சிரமம் இல்லையாக்கா?”

மேனேஜர் மாடியிலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டது. வேலை போனால் போகட்டும் என்கிற தைரியமெல்லாம் எனக்கு வரவில்லை. பயமாகத்தான் இருந்தது.

“பொய்ம்மா” என்றேன், அவருக்கும் கேட்கும்படி. “பத்தும் பொய். ஒரு படிகூட நான் வலிக்காம ஏறுனதில்ல.”